சுத்தம் செய்தாச்சு என்றால், எவ்வளவு சுத்தம்?

அணு ஆயுதத்துக்குப் புளூட்டோனியம் கடைந்த ஒரு பழைய தொழிற்சாலையின் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரங்களை எல்லாம் எடுத்தாகிவிட்டது, வெறும் சுவர்தான் மிச்சம். உடம்பு முழுக்க உறையும் முகக்கவசமும் போட்ட ஒருவர், உள்ளங்கை அகலக் கருவி ஒன்றைச் சுவரை ஒட்டி மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார். சுவருக்கும் கருவிக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கலாம், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் நெருக்கி, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு ஆணி நுனி பட்டுவிட்டால் முன்பக்கத்து மெல்லிய சவ்வு கிழிந்து கருவியே வீண். வேகம் என்று பார்த்தால் ஒரு வினாடிக்குச் சில சென்டிமீட்டர். இந்தச் சுவர் முடிந்தால் அடுத்த சுவர், அப்புறம் தரை, அப்புறம் கூரை, அப்புறம் கூரைக்கு மேலே ஓடும் காற்றுக் குழாயின் உட்புறம்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், புளூட்டோனியம் வெளியிடுவது பெரும்பாலும் ஆல்ஃபா துகள் என்ற வகைக் கதிர்வீச்சு. காற்றில் அது சில சென்டிமீட்டர்தான் போகும். ஒரு தாள் போதும் அதைத் தடுக்க. சுவரில் லேசான ஈரம் இருந்தாலோ, மேலே ஒரு பூச்சு பெயின்ட் அடித்திருந்தாலோ கருவிக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இதில் சிக்கல் என்னவென்றால், ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்காவது சிந்தினால் துடைத்த மட்டும் துடைத்துவிட்டு, மிச்சம் பறக்காமல் இருக்க அதன்மேல் பெயின்ட் அடிப்பது வழக்கமாக இருந்தது. அப்போதைக்கு அது சரியான வேலைதான். நாற்பது வருடம் கழித்து அந்தக் கட்டடத்தை இடிக்க வருபவருக்கு, எந்தப் பெயின்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

கதிரியக்க மாசு படிந்த ஆலைகளை மூடி, பிரித்து, இடித்து, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் இந்த வேலைக்கு டீகமிஷனிங் என்று பெயர். செய்தியில் இதைப் பற்றி வரும்போதெல்லாம் "சுத்திகரிப்பு முடிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ரசாயனக் கழிவுகளில் பலவற்றை எரித்து அழிக்கலாம், வேறு பொருளாக மாற்றலாம், சிலவற்றைப் பாக்டீரியாவே தின்றுவிடும். கதிரியக்க அணுவிடம் இந்த வித்தை எதுவும் பலிக்காது. எரித்தால் சாம்பலில் இருக்கும், அமிலத்தில் கரைத்தால் அமிலத்தில் இருக்கும், துணியால் துடைத்தால் துணிக்கு வந்துவிடும். அதை இல்லாமல் செய்வது காலம் மட்டும்தான், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. கோபால்ட் 60 பாதியாகக் குறைய ஐந்தே கால் வருடம், சீசியம் 137க்கு 30 வருடம், ரேடியம் 226க்கு 1,600 வருடம், புளூட்டோனியம் 239க்கு 24,100 வருடம், யுரேனியம் 238க்கு ஏறக்குறைய 450 கோடி வருடம். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று பத்து தடவை குறைந்தால்தான் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வரும். அதனால் கோபால்ட் என்றால் ஒரு கொட்டகைக்குள் பூட்டி வைத்து அடுத்த தலைமுறைக்குள் முடித்துவிடலாம். ரேடியத்தைப் பூட்டி வைத்துக் காத்திருக்க யாராலும் ஆகாது.

ஆக, சுத்தம் செய்வது என்று நாம் சொல்வது உண்மையில் இடம் மாற்றுவது. பரவிக் கிடப்பதைக் கூட்டிச் சேர்த்து, சின்னதாக்கி, அடைத்து, மனிதர்கள் நடமாடாத ஓரிடத்தில் வைத்து, எங்கே எவ்வளவு வைத்தோம் என்று எழுதி வைப்பது. அதனால்தான் ஓரிடம் சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே நாலு கேள்வி வரும். எந்த அளவு வரை? எத்தனை அடி ஆழம் வரை? யார் அங்கே வாழப்போகிறார்கள் என்று நினைத்துக் கணக்குப் போட்டார்கள்? மிச்சத்தை யார், எத்தனை காலம் பார்த்துக்கொள்வார்கள்?

இன்னொன்றும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கதிரியக்கம் என்று பொதுவாகச் சொன்னாலும், மண்ணுக்குள் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு குணம். சீசியம் களிமண்ணைக் கண்டால் விடாது. களிமண்ணின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் மேலே விழுந்தது மேல்மண்ணிலேயே கிடக்கும். 2011க்குப் பிறகு ஃபுகுஷிமாவின் வயல்களிலும் பள்ளி மைதானங்களிலும் மேலே ஐந்து சென்டிமீட்டர் மண்ணை மட்டும் சுரண்டி எடுத்ததற்கு அதுதான் காரணம். ஸ்ட்ரான்ஷியம் 90 கால்சியத்தைப் போல நடந்துகொள்ளும், எலும்பில் போய்ச் சேரும், நிலத்தடி நீரோடும் நகரும். அமெரிக்காவில் அணு ஆயுதத்துக்குப் புளூட்டோனியம் தயாரித்த ஹேன்ஃபோர்டில், கொலம்பியா ஆற்றுக்கு ஓரமாக இருந்த ஒரு அணு உலையின் கழிவுநீரிலிருந்து ஸ்ட்ரான்ஷியம் ஆற்றை நோக்கி நகர்ந்தபோது, வழியில் மண்ணுக்குள்ளேயே அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம் உருவாகும்படி கரைசலைச் செலுத்தி ஒரு தடுப்பு போட்டார்கள். பல்லிலும் எலும்பிலும் இருக்கும் கனிமத்தின் உறவுதான் அது. உடம்பில் எது ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடித்துவைத்துக் கெடுதல் செய்கிறதோ, அதையே மண்ணில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். யுரேனியம் ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் கரைந்து ஓடும். புளூட்டோனியம் பொதுவாகத் தண்ணீரில் அவ்வளவு கரையாது, மண் துகளில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காற்றடித்தால் அந்தத் துகளோடு பறக்கும். டிரிட்டியம் என்பதோ கதிரியக்க ஹைட்ரஜன், அது தண்ணீராகவே ஆகிவிடும். தண்ணீரிலிருந்து தண்ணீரை வடிகட்ட எந்த சல்லடையும் கிடையாது.

இந்தக் குணங்கள் ஒரு ஊருக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலின் கோயானியாவைத்தான் சொல்ல வேண்டும். 1987 செப்டம்பர். மூடப்பட்ட ஒரு புற்றுநோய் சிகிச்சை நிலையத்தில் கதிர்வீச்சு இயந்திரம் அப்படியே கிடந்தது. இரண்டு பேர் உள்ளே புகுந்து அதன் தலைப்பகுதியைக் கழற்றி எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்தது 93 கிராம் சீசியம் குளோரைடு, உப்பு மாதிரி ஒரு தூள். இருட்டில் அது நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார்கள். உடம்பில் பூசிக்கொண்டவர்கள் உண்டு. ஆறு வயதுக் குழந்தை ஒன்று அதைத் தொட்ட கையோடு சாப்பிட்டது. இது என்ன பொருள் என்று தெரியவந்தது இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து. கடைக்காரரின் மனைவிதான் வீட்டில் எல்லோரும் நோயில் விழுவதற்கு இதுதான் காரணம் என்று சந்தேகப்பட்டு, அதை ஒரு பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போய்ச் சுகாதார அலுவலகத்தில் காட்ட வைத்தார். அவரும் அந்தக் குழந்தையும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு விளையாட்டு மைதானத்துக்கு வரவழைத்துச் சோதித்ததில் 249 பேரிடம் மாசு இருந்தது.

சுத்தம் செய்யும் வேலை அதற்கப்புறம்தான் தொடங்கியது. உப்பு என்பதால் ஈரத்தில் கரைந்து சுவர், தரை, மரச்சாமான், ஓடு, மண் எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. ஏழு வீடுகளை இடித்தே ஆக வேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து, கருவியில் காட்டி, இது வைத்துக்கொள்ளலாம், இது போக வேண்டும் என்று பிரித்தார்கள். கடைசியில் சேர்ந்த கழிவு ஏறக்குறைய 3,500 கன மீட்டர். 93 கிராம் எங்கே, 3,500 கன மீட்டர் எங்கே! இந்தத் துறையின் மொத்தத் துயரமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் இருக்கிறது. அந்த உப்பு உலோகக் கூட்டுக்குள் இருந்த வரை ஒரே ஒரு பெட்டியில் வைத்து எடுத்துப்போயிருக்கலாம். அப்புறம் கதிரியக்கத்தை அதன் அலகான பெக்கரலில் கணக்குப் பார்த்தார்கள்: இயந்திரத்தில் இருந்தது 50.9 டெராபெக்கரல், மண்ணிலும் கழிவிலும் மனிதர்களிலுமாகக் கணக்கில் வந்தது ஏறக்குறைய 44. ஒரு நகரம் முழுக்கச் சிதறிய பொருளை இவ்வளவு தூரம் கூட்டிப் பார்க்க முடிந்ததே பெரிய சாதனை என்பேன்.

பழைய இரும்போடு கதிரியக்கம் போனால் அது ஊரோடு நிற்காது. 1983 கடைசியில் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் இதே மாதிரி ஒரு சிகிச்சை இயந்திரத்தின் கோபால்ட் குளிகைகள் பழைய இரும்பில் கலந்து, உருகி, கட்டடக் கம்பியாகவும் மேஜைக் காலாகவும் விற்பனைக்குப் போயின. அந்தக் கம்பியை ஏற்றிய லாரி ஒன்று வழி தவறி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வுக்கூடத்து வாசல் பக்கம் போனதால், அங்கே இருந்த கருவி அலறி, அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. 1998இல் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் அருகே ஒரு எஃகு ஆலையின் உலைக்குள் சீசியம் போய் உருகியபோது ஆலையின் கருவிகள் அதைப் பிடிக்கவில்லை, பிரான்சிலும் இத்தாலியிலும் காற்றை அளந்துகொண்டிருந்தவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். இன்று பெரிய எஃகு ஆலைகளின் வாசலில் லாரிகள் கதிர்வீச்சு அளவிகளுக்கு நடுவே நுழைந்து போவதற்கு இந்த மாதிரிக் கதைகள்தான் காரணம்.

சரி, இப்போது பெரிய ஆலைக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோவில், டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ராக்கி ஃப்ளாட்ஸ். 1952இலிருந்து 1989 வரை அணு ஆயுதங்களின் புளூட்டோனியக் கருக்களை இங்கேதான் செய்தார்கள். 1957இலும் 1969இலும் உள்ளே பெரிய தீ விபத்துகள். அதைவிட நிலத்தைக் கெடுத்தது சத்தமில்லாத ஒரு விஷயம்: இயந்திரத்தில் ஓடிய, புளூட்டோனியத் துணுக்கு கலந்த எண்ணெயைப் பீப்பாய்களில் அடைத்து வெட்டவெளியில் அடுக்கி வைத்திருந்தார்கள். 5,000க்கும் மேற்பட்ட பீப்பாய்கள், பத்து வருடம் மழையிலும் வெயிலிலும். அவை துருப்பிடித்துக் கசிந்தன. பிறகு பீப்பாய்களை அகற்றும்போது மண் கிளறப்பட்டு, அந்தப் பகுதிக்கே உரிய பேய்க்காற்றில் கிழக்குப் பக்கமாகப் பறந்தது. கிழக்குப் பக்கம்தான் ஊர். 1969இல் அந்த இடத்தின்மேல் தார் போட்டு மூடினார்கள். 1989 ஜூனில் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையே, அதாவது எஃப்பிஐ, அரசின் இந்த ஆலைக்குள் புகுந்து சோதனை போட்டது. சுற்றுச்சூழல் சட்டத்தை மீறிய குற்றத்துக்காக.

அங்கே 771 என்ற கட்டடத்தில் ஓர் அறைக்கு 'முடிவிலி அறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அளவியின் முள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டதால் வந்த பெயர். இப்படிப்பட்ட கட்டடங்களை இடிப்பதற்கு முன்னால் உள்ளே இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையுறைப் பெட்டிகளை வெளியே கொண்டுவர வேண்டும். கண்ணாடி ஜன்னலும் உள்ளே கைவிட நீளமான கையுறையும் வைத்த உலோகப் பெட்டிகள் அவை, சில ஒரு அறை நீளம் இருக்கும், பல வருடம் புளூட்டோனியத் தூள் படிந்தவை. ஆரம்பத்தில் அவற்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, காற்று வெளியே போகாமல் உள்நோக்கி மட்டும் இழுக்கும்படி வைத்து, காற்றுக்குழாய் இணைத்த உடைக்குள் ஆட்கள் நின்றுகொண்டு துண்டு துண்டாக வெட்டினார்கள். வெயில் காலத்தில் நினைத்துப் பாருங்கள். ஒரு கூரான தகட்டு விளிம்பு கையுறையைக் கீறிவிட்டால் காயத்துக்குள் புளூட்டோனியம் போய்விடும். அப்புறம்தான் யாரோ நல்ல யோசனை சொன்னார்கள். பெட்டியின் உட்புறத்தை ரசாயனத்தால் கழுவி, மாசை ஒரு எல்லைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், அது அதிகக் கட்டுப்பாடு தேவைப்படும் கழிவு வகையிலிருந்து கீழ்நிலைக் கழிவு வகைக்கு இறங்கிவிடும், வெட்டாமல் முழுப் பெட்டியாகவே அனுப்பலாம். வேலையும் வேகமானது, ஆபத்தும் குறைந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி இதுதான், வேலை செய்பவர் உடம்பைக் காப்பாற்றியதும் செலவைக் குறைத்ததும் ஒரே யோசனை.

1995 வாக்கில் இந்த இடத்தைச் சுத்தம் செய்ய 60 வருடத்துக்கு மேல் ஆகும், 3,600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். 2005இல் வேலை முடிந்தது, செலவு ஏறக்குறைய 700 கோடி டாலர். 800 கட்டடங்கள் போய்ப் புல்வெளி ஆனது. இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் நிறைய. பெரிய அளவில் அது உண்மைதான். ஆனால் என் முதல் கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும்: எந்த அளவு வரை? 1996இல் மண்ணில் கிராமுக்கு 651 பிக்கோகியூரி, அதுவும் கதிரியக்கத்தின் ஓர் அலகுதான், அந்த அளவு புளூட்டோனியம் வரை இருக்கலாம் என்று நிர்ணயித்தார்கள். சுற்றியிருந்த மக்கள் கொதித்தார்கள். தனியாக ஒரு ஆய்வு செய்யச் சொல்லிப் போராடினார்கள், செய்ய வைத்தார்கள். 2003இல் அந்த எண் 50 ஆகக் குறைந்தது. ஒரே நிலம், ஒரே புளூட்டோனியம், ஏழு வருடத்தில் 'சுத்தம்' என்ற சொல்லின் அர்த்தம் பதின்மூன்று மடங்கு மாறிவிட்டது. அப்புறம் இரண்டாவது கேள்வி. அந்த 50 என்பது மேலே மூன்று அடி மண்ணுக்கு மட்டும். அதற்குக் கீழே விதி தளர்ந்துவிடுகிறது, சில அடித்தளங்களும் குழாய்களும் உள்ளேயே இருக்கின்றன. வெளிவட்டம் வனவிலங்குச் சரணாலயமாகி 2018இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நடுவில் இருக்கும் சுமார் 1,300 ஏக்கர் மட்டும் இன்னமும் அரசின் எரிசக்தித் துறை கையில் இருக்கிறது, அங்கே மூன்று அடிக்குக் கீழே தோண்டக் கூடாது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், ஒரு கற்பனை மனிதரிடமிருந்து. வருங்காலத்தில் இந்த நிலத்தில் ஒருவர் இருப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். அவர் இங்கேயே வீடு கட்டி, கிணறு தோண்டி, விளைந்ததைச் சாப்பிட்டு, மாட்டுப்பால் குடித்து வாழும் விவசாயியா, பகலில் மட்டும் வந்து போகும் அலுவலகக்காரரா, வாரத்தில் சில மணி நேரம் சுற்றிவரும் சரணாலயக் காவலரா? அவர் யார் என்பதைப் பொறுத்து மண்ணில் அனுமதிக்கும் அளவு எங்கேயோ போய்விடும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1997இல் அந்த மனிதருக்கு உடம்பு வாங்கும் கதிர்வீச்சு வருடத்துக்கு 0.25 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. அதே நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ அது போதாது, 0.15தான் சரி என்றது. இயற்கையாகவே பாறையிலிருந்தும் மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் உலகத்தில் ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்குக் கிடைப்பது 2.4. அதோடு ஒப்பிட்டால் இந்தச் சண்டை அற்பமானது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இயற்கையாக வருவது யாரும் நம்மேல் சுமத்தியது இல்லை. இது ஒருவர் லாபத்துக்காகவோ ஆயுதத்துக்காகவோ செய்துவிட்டு, இன்னொருவர் முற்றத்தில் விட்டுப்போவது. அதை எவ்வளவு விட்டுப்போகலாம் என்பதில் ஒரு பைசா கணக்குக்கும் சண்டை போடும் உரிமை அந்த முற்றத்துக்காரருக்கு உண்டு.

எண்ணை முடிவு செய்தாலும், அந்த எண்ணுக்குக் கீழே வந்துவிட்டோம் என்று நிரூபிப்பது தனி வேலை. இதற்கு 1997இல் அமெரிக்காவின் நான்கு அரசுத் துறைகள் சேர்ந்து ஒரு கையேடு போட்டார்கள், மார்சிம் என்று துறையில் எல்லோரும் அழைப்பது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் தொடக்க நிலைப்பாடு. நிலம் அசுத்தமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள், சுத்தம் என்று காட்டும் பொறுப்பு உன்னுடையது. நீதிமன்றத்துக்கு நேர் எதிர். நிரூபிக்காத வரை குற்றவாளி. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். மாசு இருந்தது என்று தெரிந்த இடத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாக்கி ஒரு இடம் விடாமல் முழுக்க அளப்பார்கள், இருந்திருக்க வாய்ப்பே இல்லாத இடத்தில் அங்கங்கே மாதிரி எடுத்தால் போதும். பக்கத்தில் மாசு படாத, அதே மாதிரி மண் உள்ள ஒரு இடத்தையும் அளந்து, இரண்டையும் புள்ளியியல் முறையில் ஒப்பிடுவார்கள். ஏனென்றால் யுரேனியமும் ரேடியமும் எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், இயற்கையில் இருந்ததற்கும் ஆலை போட்டதற்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீட்டு இடத்தை எங்கே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் ஏமாற்ற வழி உண்டு, அதனால் அறிக்கை கையில் கிடைத்தால் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

அளவையும் இடத்தையும் யார் முடிவு செய்வது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ஒஹாயோவின் ஃபெர்னால்ட். 1951இலிருந்து 1989 வரை அணு ஆயுத உலைகளுக்காக யுரேனிய உலோகம் தயாரித்த இடம். யுரேனியத் தூசி காற்றில் போனதும், பக்கத்துக் கிணறுகளில் யுரேனியம் இறங்கியதும் எண்பதுகளின் நடுவில் வெளியே தெரிந்தது. கோபத்தில் இருந்த மக்கள், எல்லாவற்றையும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே அமைத்த மக்கள் குழு வித்தியாசமான ஒன்றைச் செய்தது. ஆலையின் வரைபடத்தை மேஜையில் விரித்து, கழிவைக் குறிக்கும் வில்லைகளை அதன்மேல் அடுக்கி விளையாடினார்கள். எந்த அளவு வரை சுத்தம் என்று முடிவு செய்தால் எத்தனை வில்லை சேரும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது, எவ்வளவு செலவு என்று கையால் நகர்த்திப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டுமென்றால் இன்னொரு ஊர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், வழியெல்லாம் லாரியும் ரயிலும் போக வேண்டும் என்பது மேஜையில் கண்ணெதிரே தெரிந்தது. கடைசியில் அந்த மக்களே சொன்னார்கள்: மோசமானதை எடுத்துக்கொண்டு போங்கள், அளவில் அதிகமாகவும் கதிரியக்கத்தில் குறைவாகவும் இருப்பது இங்கேயே, நன்றாகக் கட்டிய மேட்டுக்குள் இருக்கட்டும். 440 கோடி டாலர் செலவில் 2006இல் வேலை முடிந்தது. இன்று அது ஏரியும் புல்வெளியும் பறவைகளும் உள்ள இடம். நிலத்தடி நீரை மட்டும் அதற்குப் பிறகும் இறைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது, யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே வர வேண்டும் என்பதற்காக.

ஒரு ஊரிலிருந்து எடுத்துப்போன கழிவு இன்னொரு இடத்தில் போய் உட்காரத்தானே வேண்டும். ராக்கி ஃப்ளாட்ஸின் புளூட்டோனியக் கழிவு நியூ மெக்சிகோவில், தரைக்குக் கீழே ஏறக்குறைய 655 மீட்டர் ஆழத்தில், உப்புப் பாறைக்குள் குடைந்த ஒரு சேமிப்பிடத்துக்குப் போனது. உப்பு மெல்ல மெல்ல நகர்ந்து கழிவைச் சுற்றி மூடிக்கொள்ளும் என்பதுதான் திட்டம், நல்ல திட்டம். ஆனால் 2014 பிப்ரவரியில் அங்கே ஒரு பீப்பாய் உள்ளுக்குள் சூடேறி வெடித்தது. அது லாஸ் அலமோஸிலிருந்து வந்த பீப்பாய். ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் கழிவோடு பூனைக் கழிவுத்தட்டில் போடும் தூளைக் கலப்பார்கள், வழக்கமாகக் களிமண் வகை. இந்த முறை தாவரப் பொருளால் ஆன வகையைப் போட்டுவிட்டார்கள். கழிவில் இருந்த நைட்ரேட் உப்பும் தாவரப் பொருளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெடிமருந்து செய்பவரைக் கேட்டால் சொல்வார். ஏறக்குறைய மூன்று வருடம் அந்த இடம் கழிவு வாங்காமல் நின்றது. பாறையும் ஆழமும் கணக்கும் எல்லாம் சரியாக இருந்து, மேலே ஒரு மேஜையில் ஒரு பை மாறியதால் வந்தது இது.

ஃபுகுஷிமாவில் சுரண்டிய மண் ஒரு டன் பைகளில் அடைக்கப்பட்டு வயலோரங்களில் மலைமலையாகக் கிடந்து, பிறகு ஒகுமா, ஃபுதாபா என்ற இரண்டு ஊர்களில் அமைத்த இடைக்காலச் சேமிப்பிடத்துக்குப் போனது. ஏறக்குறைய 1.4 கோடி கன மீட்டர். 2045க்குள் அதை ஃபுகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோவோம் என்று சட்டத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிலோவுக்கு 8,000 பெக்கரலுக்குக் கீழே உள்ள மண்ணைச் சாலை மேடு போன்ற வேலைகளுக்கு, மேலே நல்ல மண் போட்டு மூடிப் பயன்படுத்தலாம் என்பது அரசின் யோசனை. மற்ற ஊர்கள் தயங்குகின்றன. அந்த இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்தை இடைக்காலம் என்ற சொல்லை நம்பித்தான் கொடுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. காடுகளை வீட்டோரமாக இருபது மீட்டர் வரைதான் சுத்தம் செய்தார்கள், அதற்குமேல் மலையைச் சுரண்டினால் மலையே சரிந்துவிடும்.

அளவில் பார்த்தால் எல்லாவற்றையும் மிஞ்சுவது யுரேனியச் சுரங்கக் கழிவு மணல்தான். தாதுவிலிருந்து யுரேனியத்தை எடுத்த பிறகும் அதன் கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் அந்த மணலிலேயே இருக்கும், ரேடியமாகவும் தோரியமாகவும். பார்க்க நல்ல ஆற்றுமணல் மாதிரி இருக்கும். கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மக்கள் அதை வண்டி வண்டியாக அள்ளிப்போய் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் போட்டார்கள், கான்கிரீட்டில் கலந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. ரேடியத்திலிருந்து வரும் ரேடான் வாயு தரையைத் துளைத்து வீட்டுக்குள் சேர்ந்தது. பிறகு 4,000க்கும் மேற்பட்ட இடங்களில் தரையைப் பெயர்த்து அந்த மணலை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த மணலுக்குக் களிமண் மூடியும் மேலே கருங்கல் அடுக்கும் போட்டு மேடு கட்டுவார்கள். இந்த மேடு எத்தனை காலம் தாங்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது தெரியுமா? முடிந்தால் 1,000 வருடம், எப்படியும் 200 வருடம். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம், அதுவும் பக்கத்திலேயே தோரியம் 230 இருந்தால் புதிய ரேடியத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். விதி எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் எதையும் கட்டுவோம் என்று நேர்மையாகச் சொல்ல முடியாது என்பதால் அங்கே நிறுத்தினார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் விஸ்முத் நிறுவனம் 1990 வரை 2,31,000 டன் யுரேனியம் எடுத்துவிட்டுப் போன இடத்தில் செய்த வேலையைப் பார்த்தால் கொஞ்சம் நம்பிக்கை வரும். ரோனெபுர்க் அருகே 200 மீட்டருக்கும் மேல் ஆழமான ஒரு திறந்த சுரங்கக் குழியைச் சுற்றிலும் கிடந்த கழிவுப் பாறையைக் கொண்டே நிரப்பினார்கள். ஆனால் கண்டபடி கொட்டவில்லை. காற்றுப் பட்டால் அமிலம் கக்கும் பாறையை அடியில் போட்டார்கள். குழியில் நிலத்தடி நீர் ஏறியதும் அந்தப் பாறை தண்ணீருக்குள் மூழ்கிவிடும், ஆக்சிஜன் கிடைக்காது, அமிலம் வராது, அமிலம் இல்லாவிட்டால் யுரேனியம் கரைந்து ஓடாது. மேலே வர வர சாதுவான பாறை. 2007இல் அந்தப் பகுதியில் ஜெர்மனியின் தேசியத் தோட்டக் கண்காட்சியே நடந்தது. இந்த மொத்த வேலைக்கும் ஆரம்பத்திலேயே 1,300 கோடி மார்க் ஒதுக்கியது அரசு. யுரேனியம் வாங்கியது சோவியத் யூனியன், கழிவுக்குக் காசு கொடுத்தது ஒன்றிணைந்த ஜெர்மனியின் வரி கட்டுபவர்கள்.

அப்புறம் நாலாவது கேள்வி, மிச்சத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இதைத்தான் எல்லோரும் கடைசியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். கனடாவின் போர்ட் ஹோப்பில் 1933இலிருந்து ரேடியமும் பிறகு யுரேனியமும் சுத்திகரித்தார்கள். ஆலையின் கழிவு மண்ணும் இடித்த கட்டடப் பொருளும் ஊருக்குள் பள்ளம் நிரப்பவும் வீடு கட்டவும் போனது. எது எங்கே போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1975இல் ஒரு பள்ளிக்கூடத்தில் ரேடான் அதிகமாக இருப்பது தெரிந்து குழந்தைகளை வெளியேற்றினார்கள். அதற்கப்புறம்தான் ஊரே தேடத் தொடங்கியது. 2012இல் கனடா அரசு 128 கோடி கனேடிய டாலர் ஒதுக்கி, ஆயிரக்கணக்கான வீட்டு மனைகளை ஒவ்வொன்றாக அளந்து, தோட்டம் தோட்டமாகத் தோண்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு லாரி போன இடத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இந்தத் தேடலில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

சிகாகோவின் நடுவே ஸ்ட்ரீட்டர்வில் என்று ஒரு பகுதி, இன்று உயர்ந்த கட்டடங்களும் விலை உயர்ந்த வீடுகளும் உள்ள இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே லின்ட்சே லைட் என்ற நிறுவனம் எரிவாயு விளக்குகளுக்கான வலைத் திரிகளைத் தயாரித்தது. அந்தத் திரி பளிச்சென்று எரிவதற்குத் தோரியம் தேவை. தோரியம் எடுத்த மிச்ச மணல் அக்கம்பக்கத்துப் பள்ளங்களுக்குப் போனது. மின்விளக்கு வந்தது, எரிவாயு விளக்கு போனது, நிறுவனம் அந்த இடத்தைவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. தோரியம் 232 பாதியாகக் குறைய 1,400 கோடி வருடம். தெரிந்த இடங்களில் தோண்டி எடுத்துவிட்டார்கள், ஆனால் நடைபாதைக்கும் சாலைக்கும் அடியில் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. அதனால் அந்தத் தெருக்களில் ஒரு தண்ணீர்க் குழாய் பதிக்கக் குழி வெட்டினாலும், கையில் காமா என்ற கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு ஒருவர் குழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மண்வெட்டி ஒரு அடி இறங்கும், அவர் அளப்பார். இன்னும் ஒரு அடி இறங்கும், மறுபடி அளப்பார்.